வாசற்படி மட்டம்

ஒரு வீடு எழும்பும்போது கொத்து வேலைக்காரன் மூன்று மட்டங்களைக் குறிப்பான். தெரு மட்டம், அதற்குமேல் பேஸ்மட்டம், கடைசியில் தள மட்டம். வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் கடைசியைப் பற்றித்தான் கேட்பார்கள். சீலிங் பத்தடி வருமா, பதினோரு அடி வருமா, ஃபேன் மாட்ட இடம் எங்கே என்று. தெரு எந்தப் பக்கம் சாய்கிறது, மழைத் தண்ணீர் எந்த மூலையில் வந்து எந்த மூலையில் போகும் என்று தாமாகக் கேட்டவர்கள் என் அனுபவத்தில் மிகச் சிலர். 2021 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது. இப்போது திருப்பதியில் மனை பார்க்கக் கூப்பிடுகிற எவரும் முதல் பேச்சாக, "மேஸ்திரி, இங்க நீள்ளு வஸ்தாயா?" என்றுதான் கேட்கிறார்கள். தண்ணீர் வருமா என்ற அந்தக் கேள்விக்கு விடை சொல்வதுதான் எங்கள் தொழிலின் முதல் வேலை என்று நான் நினைக்கிறேன். செங்கல் வைப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

நாங்கள் சித்தூர்த் தமிழர்கள். பழைய வடஆற்காட்டில் இருந்து பிரித்த பகுதிகளையும் சேர்த்து 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானது. அதற்கு முன்பிருந்தே எங்கள் குடும்பத்தில் கரணை பிடித்தவர்கள் இருந்திருக்கிறார்கள். என் அப்பா சுண்ணாம்புக் காலத்து மேஸ்திரி. மனையைக் காட்டினால் உடனே நூல் பிடிக்க மாட்டார். பக்கத்தில் பழைய சுவர் ஏதாவது இருந்தால் அதன் அடியில் உட்கார்ந்து, ஓதம் எதுவரை ஏறியிருக்கிறது என்று விரலால் தடவிப் பார்ப்பார். மரத்தின் அடியில் சேறு காய்ந்த தடம் இருக்கிறதா என்று பார்ப்பார். அந்த வழியாக ஆடு ஓட்டிக்கொண்டு போகிறவரை நிறுத்தி, "ஐப்பசி கார்த்திகையில இங்க ஆடு மேயுமா?" என்று கேட்பார். மேயாது என்று பதில் வந்தால் கடைக்கால் ஒரு முழம் உயரும். அதற்காக வீட்டுக்காரரிடம் அவர் சண்டை போட்டதையும் பார்த்திருக்கிறேன்.

திருப்பதி ஊரின் அமைப்பை ஒரு கொத்தனாரின் கண்ணோடு பாருங்கள். வடக்கே சேஷாசலம் மலை சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கிறது. தண்ணீர் குடிக்காத கெட்டிக் கற்பாறை. மலையில் பெய்த மழை ஓடைகளாகவும் அருவிகளாகவும் கொஞ்ச நேரத்திலேயே ஊருக்குள் இறங்கிவிடும். தெற்கே ஸ்வர்ணமுகி ஆறு. நடுவில் கிழக்கு மேற்காக ரயில் பாதையின் மண்கரை. மலையில் இருந்து ஆற்றுக்குப் போக வேண்டிய தண்ணீர் அந்தக் கரையில் உள்ள சில பாலங்கள் வழியாகத்தான் போயாக வேண்டும். அதனால்தான் மழை வந்தாலே சுரங்கப் பாலங்கள் முதலில் நிரம்புகின்றன. முன்பெல்லாம் இந்த ஓட்டத்தைத் தாங்கிப் பிடிக்க ஊரைச் சுற்றிலும் ஏரிகள் இருந்தன. ஓர் ஏரியின் கலங்கலில் வழிவது வங்கா என்கிற ஓடை வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். இடையில் பல வருடம் மழை பொய்த்தது. ஏரி வறண்டு, வங்கா முள்ளுக்காடானது. காய்ந்த வங்காவைப் பார்த்தவர்களுக்கு அது வெறும் பள்ளமாகத் தெரிந்தது. பள்ளத்தை கிராவல் போட்டு மூடி, கல் நட்டு, மனையாக விற்றார்கள்.

என் மகளும் மருமகனும் வாங்கிய மனை திருப்பதியில் எம்.ஆர்.பள்ளிக்கு அப்பால் ஒரு புது லேஅவுட்டில் இருந்தது. மனை நல்ல மனைதான், வங்காவில் இல்லை. ஆனால் தெரு பக்கத்து வயலைவிடத் தாழ்ந்திருந்தது. டியூபில் தண்ணீர் நிரப்பி நான்கு மூலைக்கும் மட்டம் பார்த்தேன். தென்மேற்கு மூலை தெருவைவிட முக்கால் அடி கீழே. தேசியக் கட்டிட விதித்தொகுப்பு, பேஸ்மட்டம் சுற்றுத் தரையைவிட 45 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. ஒன்றரை அடி. அது எல்லா ஊருக்கும் பொதுவான குறைந்த அளவு. எங்கள் பக்கத்தில் சிமெண்ட் ரோட்டின் மேலேயே புதுச் சிமெண்ட் ரோடு போடுவார்கள். பத்து வருடத்தில் தெரு முக்கால் அடி, ஒரு அடி ஏறிவிடும், வீடு இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே மூன்றரை அடி தூக்குவதென்று முடிவு செய்தேன்.

இதற்கு வீட்டில் ஒப்புக்கொள்ளவில்லை. மருமகனுக்கு ஸ்கூட்டர் ஏற்றுவது கவலை. கூடுதல் கருங்கல், கூடுதல் கிராவல், ஒரு பெல்ட் கான்கிரீட் என்று செலவு வேறு. சம்பந்தியம்மாவுக்கு மூட்டு வலி. "ஏழு படி ஏறி வீட்டுக்குள்ள வரணுமா சம்பந்தி? கோயிலுக்கா கட்டறீங்க?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் படியின் உயரத்தை ஆறு அங்குலத்தில் நிறுத்தி, அகலத்தை ஓர் அடியாக்கி, இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளப் பைப் வைத்தேன். படியைச் சுலபமாக்கலாம், மட்டத்தைக் குறைக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். மீட்டர் பெட்டியை ஐந்தடி உயரத்தில் வைத்தேன். இன்வெர்ட்டரைத் தரையில் வைக்க விடாமல், சுவரில் கடப்பைக் கல் அலமாரி கட்டி அதன்மேல் ஏற்றினேன். 2021 ஆவணியில் பால் காய்ச்சினோம்.

அடுத்து வந்தது கார்த்திகை. புது வீட்டில் முதல் கார்த்திகைக்குப் பிறந்த வீட்டுச் சீர் போக வேண்டும். நவம்பர் 17, புதன்கிழமை, நானும் என் மனைவியும் அகல் விளக்கு, பொரி, வெல்லம், புடவை எல்லாம் எடுத்துக்கொண்டு சித்தூரில் இருந்து பஸ் ஏறினோம். வெள்ளிக்கிழமை தீபம். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தியில் சொன்னார்கள். கார்த்திகையில் அது சொல்லாத வருடம் ஏது என்றுதான் பஸ்ஸில் இருந்த எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

அன்று இரவு பிடித்த மழை வியாழக்கிழமை முழுக்க விடவில்லை. எங்கள் ஊர் மழை அடித்துவிட்டு நிற்கும், மறுபடி அடிக்கும். இது நிற்கவே இல்லை. மதியம் டிவியில் திருமலையைக் காட்டினார்கள். மலைப்பாதையில் மண் சரிந்ததால் சாலையை மூடிவிட்டார்கள். அலிபிரிப் படிகளில் தண்ணீர் அருவியாக இறங்கியது. கபிலதீர்த்தத்து அருவி செம்மண் நிறத்தில் கொட்டியது. அங்கே கல் மண்டபமே சேதமானது. அதற்குப் பிறகு கரண்ட் போனது.

புது வீட்டில் வெள்ளம் வாசல் வழியாக வரும் என்றுதான் எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது முதலில் வருவது பாத்ரூம் வழியாக. தெருச் சாக்கடை நிரம்பினால் குழாயில் தண்ணீர் பின்னோக்கி ஏறும். வியாழக்கிழமை சாயங்காலம் குளியலறைத் துளையில் குபுகுபுவென்று சத்தம் கேட்டதும் மகளைக் கூப்பிட்டுப் பழைய துணியும் பிளாஸ்டிக் பையும் கேட்டேன். பையில் மணலை நிரப்பி, துணியில் சுற்றி, துளையின் மேல் அழுத்தி, அதன்மேல் ஆட்டுக்கல்லை வைத்தோம். மேல்நாட்டுக் கழிப்பறைக்கும் அப்படியே ஒரு மூட்டை. மாடிப்படிக்கு மேல் கட்டின சின்ன அறையில் வேலையாட்களுக்கென்று ஒரு கழிப்பறை வைத்திருந்தேன். பிளான் போடும்போது வீண் செலவு என்று எல்லோரும் சொன்ன அறை. அதன் குழாய் உயரத்தில் இருப்பதால் பின்னேறல் அங்கே எட்டவில்லை. அடுத்த இரண்டு நாள் அத்தனை பேருக்கும் அதுதான் கழிப்பறை.

அத்தனை பேர் என்று சொன்னது காரணத்தோடுதான். எதிர்வீட்டுக்குப் பேஸ்மட்டம் ஒன்றரை அடி. அளவாக, விதிப்படி கட்டின வீடு. இரவு எட்டு மணிக்கு அவர்கள் ஹாலில் கணுக்கால் தண்ணீர். வீட்டுக்காரர் ஒரு பள்ளி ஆசிரியர். அவருடைய அம்மாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு நானும் மருமகனும் தெருவைக் கடந்தோம். தண்ணீர் முழங்காலுக்கு மேல், இழுப்பு வேறு இருந்தது. கடப்பாரையைத் தடவித் தடவி வைத்து, சாக்கடை மூடி எங்கே திறந்திருக்கிறது என்று பார்த்துத்தான் அடி எடுத்து வைக்க வேண்டியிருந்தது. வெள்ளத்தில் நடக்கிறவர்களைத் திறந்த சாக்கடையும் அறுந்து கிடக்கும் கம்பியும் கொன்றுவிடும். எதிர்வீட்டு மெயினை அணைக்கச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே கால் வைத்தேன். அவர்கள் சுவிட்ச் பாயிண்ட் சில அறைகளில் தரையில் இருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்தது. பார்க்க அழகாக இருக்கும் என்று அப்படி வைக்கிறார்கள். தயவுசெய்து வைக்காதீர்கள்.

அந்த இரவு எங்கள் வீட்டில் இரண்டு குடும்பம், பிறகு பின்தெருவில் இருந்து இன்னொரு குடும்பம். சம்பந்தியம்மா அடுப்பை விட்டு நகரவில்லை. சீருக்குக் கொண்டு வந்த பொரியும் வெல்லமும் பிள்ளைகளுக்குப் போனது. சோறு வடித்து ரசம் வைத்தார். ஆசிரியரின் அம்மா நெய்யில் பச்சை மிளகாய் வதக்கி ஒரு பருப்புப் பொடி கலந்தார், அதுபோல நான் சாப்பிட்டதில்லை. தமிழும் தெலுங்குமாக வீடே பேசிக்கொண்டிருந்தது. என் பேத்தி தன் புத்தகப்பையைக் கட்டில்மேல் வைத்து அதன்மேல் படுத்துக்கொண்டாள். வீட்டுப் பத்திரம், ஆதார், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் அரிசி டப்பாவில் போட்டுப் பரணில் ஏற்றினாள் மகள். படியில் பூரான்களும் ஒரு தண்ணீர்ப் பாம்பும் ஏறி வந்தன. அவற்றை அடிக்க வேண்டாம், குச்சியால் ஒதுக்கினால் போதும் என்று மருமகனைத் தடுத்தேன். அவையும் மேட்டைத் தேடித்தான் வருகின்றன.

சம்பந்தியம்மா ராத்திரி விளக்கோடு வாசலுக்கு வந்து பார்த்தார். ஐந்து படி தண்ணீருக்குள் இருந்தது. இரண்டு படி மிச்சம். "ரெண்டு படி இருக்குது சம்பந்தி" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வெள்ளிக்கிழமை அதிகாலையில் அந்தத் தாழ்வு மண்டலம் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரையைக் கடந்தது. மழை தளர்ந்தாலும் தண்ணீர் உடனே குறையவில்லை. கல்யாணி அணையைத் திறந்துவிட்டிருந்தார்கள். பேரூர் ஏரியும் மற்ற ஏரிகளும் நிறைந்து வழிந்தன. ஸ்வர்ணமுகி கரை கொள்ளாமல் ஓடியது. ஆறு நிறைந்திருக்கும்போது ஊர்த் தண்ணீர் எங்கே போகும்? ஊரிலேயே நிற்கும். அன்று தீபத்துக்கு அகல் ஏற்றியது ஹாலுக்குள்தான்.

சனிக்கிழமை தெரு தெரிய ஆரம்பித்ததும் மருமகன் செய்யப் போன முதல் காரியத்தை நான் கத்தித் தடுத்தேன். முன்வாசலில் இருந்த சம்ப்புக்குள் சேற்றுத் தண்ணீர் புகுந்திருந்தது. இன்வெர்ட்டரில் மோட்டாரை இணைத்து, அதைக் காலி செய்து கழுவலாம் என்று இறங்கினார். "மாப்பிள்ளை, அதத் தொடாதீங்க. அழுக்கா இருந்தாலும் நிறைஞ்சே இருக்கட்டும்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் சாக்கடையை வைத்துக்கொண்டிருக்கச் சொல்கிறாரே என்று முகம் சுளித்தார்.

சில நாளில் ஊரே அதைப் புரிந்துகொண்டது. ஸ்ரீகிருஷ்ணா நகரில் ஒரு வீட்டில், பூமிக்குள் சிமெண்ட் உறைகள் இறக்கிக் கட்டிய தண்ணீர்த் தொட்டியை ஒரு பெண்மணி உள்ளே இறங்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். தொட்டி அப்படியே தரையைப் பிளந்துகொண்டு மேலே எழும்பியது. அவர் உயிர் தப்பினார். உறைகள் தூண்போல வெளியே நின்றதைப் பார்க்கக் கூட்டம் கூடியது. அதிசயம் என்று சொன்னவர்களும் உண்டு. பேராசிரியர்கள் வந்து பார்த்துவிட்டு, நிலத்தடி நீரின் அழுத்தம் காலித் தொட்டியைத் தூக்கிவிட்டது என்று விளக்கினார்கள். கணக்கு எளிது. பத்தாயிரம் லிட்டர் சம்ப் நிறைந்திருந்தால் உள்ளே பத்து டன் எடை. சுற்றிலும் மண் தண்ணீரில் ஊறிக் குழம்பாக இருக்கும்போது அந்தப் பத்து டன்னை நீங்கள் இறைத்துவிட்டால், சம்ப்பைக் கீழே பிடித்து வைக்க எதுவும் இல்லை. காலிப் படகு மிதப்பதுபோல மிதக்கும். மிதக்காவிட்டாலும் அடித்தளம் விரிசல் விடும். செப்டிக் டேங்குக்கும் இதே கதைதான். வெள்ளம் வடிந்து, பக்கத்துக் கிணறு, பள்ளங்களில் நீர் இறங்கியதைப் பார்த்து, ஒரு வாரம் பொறுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவ வேண்டும். அதுவரை லாரித் தண்ணீர்தான்.

அதற்கப்புறம் வந்த மாதங்களில் எனக்கு வேலை ஓயவில்லை. அது சந்தோஷமான வேலை இல்லை. கிரகப்பிரவேச மாவிலை காய்ந்து தொங்குகிற வீடுகளில் டைல்ஸ் தரை உள்வாங்கி நின்றது. காரணம் எங்கும் ஒன்றே. பேஸ்மட்டத்துக்குள் கிராவலை ஒரே நாளில் கொட்டி, தண்ணீர் விட்டு இடிக்காமல் மேலே கான்கிரீட் போட்டிருந்தார்கள். அரையடிக்கு ஒரு தரம் நனைத்துத் திமிசு போட்டிருந்தால் வெள்ளம் உட்கார வைத்திருக்காது. காம்பவுண்டு சுவர்கள் தெருத் தெருவாகச் சாய்ந்து கிடந்தன. சுவருக்கு அடியில் தண்ணீர் போகத் துளை விடாமல் அணை மாதிரி கட்டினால், ஒரு பக்கம் மூன்றடி தண்ணீர் நிற்கும்போது நாலரை அங்குலச் சுவர் என்ன செய்யும்?

ஊறின சுவரைப் பற்றி எனக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு. நவம்பர் 19 அதிகாலையில் எங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம், வேலூர் மாவட்டம் பேர்ணாம்பட்டில், மழையில் ஊறின வீடு இடிந்து விழுந்து, தூங்கிக்கொண்டிருந்த ஒன்பது பேர் இறந்தார்கள். நால்வர் குழந்தைகள். மழை விட்டுவிட்டது என்று பழைய சுவரின் ஓரத்தில் பாய் போடாதீர்கள். தண்ணீர் நிற்கும்போது சுவரைத் தாங்கிய அழுத்தம் அது வடியும்போது போய்விடுகிறது. நான் பார்த்த பல சுவர்கள் வெயில் அடித்த பிறகுதான் விழுந்தன.

பொங்கலுக்குள் வெள்ளையடித்துத் தாருங்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். எவருக்கும் நான் செய்து தரவில்லை. தண்ணீர் நின்ற கோட்டுக்கு மேல் ஓர் அடிவரை பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, செங்கல்லைக் காயவிட வேண்டும். தை, மாசி, பங்குனி மூன்று மாத வெயிலும் காற்றும் வேண்டும். முன்னாலேயே பெயிண்ட் அடித்தால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு, அடுத்த வருடம் உப்புப் பூத்து உதிரும். புது வீட்டைச் செங்கல் தெரிய வைத்துக்கொண்டு அதில் குடியிருப்பது பெண்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். எதிர்வீட்டு ஆசிரியரின் மனைவி அந்தச் சுவரில் பிள்ளைகளைச் சாக்பீஸால் எழுதவிட்டார். சித்திரையில்தான் பூசினேன், ஓதம் இன்றுவரை இல்லை.

திருச்சானூர்ப் பக்கம் ஸ்வர்ணமுகி கரையோரத்து மாடி வீடு ஒன்று ஆற்றுக்குள் சரிந்ததை நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கட்டிடம் துண்டு துண்டாக உடையவில்லை, முழுசாகச் சாய்ந்தது. அதன் கம்பியிலும் சிமெண்டிலும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆறு அடிமண்ணை அரித்துக்கொண்டு போனால் எந்தக் கம்பி தாங்கும்? அதே வாரத்தில், 21ஆம் தேதி, ராமச்சந்திராபுரம் மண்டலத்து ராயலசெருவின் கரையில் கசிவு கண்டது. விஜயநகர காலத்து ஏரி என்று சொல்வார்கள். கீழே இருந்த கிராமங்களைக் காலி செய்தார்கள். மணல் மூட்டைகளைப் போட்டுக் கசிவை அடைத்து, தண்ணீரை வழிய விட்டு, கரையைக் காப்பாற்றினார்கள். எத்தனையோ தலைமுறைக்கு முன் கரை போட்டவர்களின் வேலைக்கு நான் தலை வணங்குகிறேன். அந்தப் பழைய கரை நின்றது. அதற்கு இரண்டு நாள் முன்பு பக்கத்துக் கடப்பை மாவட்டத்தில் அன்னமய்யா அணை உடைந்து செய்யேற்றுக் கரை ஊர்களை அடித்துக்கொண்டு போனதையும் மறக்க முடியாது.

எங்கள் சித்தூரில் நீவா நதியை ஆறு என்றே மறந்திருந்த தலைமுறை அந்த வருடம் அதில் தண்ணீரைப் பார்த்தது. நீவா எல்லை தாண்டிப் பொன்னையாறாகிப் பாலாற்றில் சேர்கிறது. டிசம்பரில் திருவலம் அருகே பொன்னையாற்று ரயில் பாலத்தில் விரிசல் கண்டு, எத்தனையோ ரயில்கள் நின்றன. ரயில் பாலத்தையே அசைத்த தண்ணீர் அது.

மனை வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். கோடையில் போய்ப் பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள். ஐப்பசியிலோ கார்த்திகையிலோ நல்ல மழைக்கு மறுநாள் குடையோடு போய் அந்த மனையில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரையாவது கேளுங்கள். கிராமத்து எஃப்.எம்.பி. என்கிற நில அளவை வரைபடத்தில் உங்கள் சர்வே எண்ணை ஒட்டி வங்கா, கால்வாய், செருவு (ஏரி) என்று கோடு ஓடுகிறதா என்று சர்வேயரை வைத்துப் பாருங்கள். பதிவுக்குத் தடை செய்த நிலங்களின் 22ஏ பட்டியலையும் பாருங்கள். லேஅவுட் போட்டவர் காட்டும் வண்ண வரைபடம் இதற்கு ஈடாகாது. பேஸ்மட்டத்தை எவ்வளவு தூக்குவது என்று மேஸ்திரியிடம் முதல் நாளே கேளுங்கள். மூன்றரை அடி என்று அவர் சொன்னால், செலவைப் பார்க்காமல் சரி என்று சொல்லுங்கள்.